ஊரறிய ஆறின காயம்

அவவின்ர பெயரை நான் இதில எழுதப் போறதில்லை. எழுதினால் அவவுக்குச் சந்தோஷம் வந்திடும். தன்ர பெயரை எங்கயாவது அச்சில கண்டால் அதை அழகாய் வெட்டி, லமினேட் பண்ணி, கொழும்பு கொட்டாஞ்சேனையில இருக்கிற தன்ர சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில ஒட்டி, வாற கலியாணப் பொம்பிளை ஒவ்வொருத்திக்கும் காட்டுவா. அந்தச் சந்தோஷத்தைக் குடுக்க எனக்கு மனமில்லை. இவ்வளவு வருசம் போயும் மனமில்லை எண்டால் பாருங்கோவன்.

நாங்கள் சந்திச்சது ஆஸ்பத்திரியில. எனக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். குளிசை, ஊசி எல்லாம் வருசக்கணக்காய்ப் பார்த்து, கடைசியில குடலை வெட்டித்தான் எடுக்க வேணும் எண்டு சேர்ஜன் சொல்லிப்போட்டார். வெட்டி எடுத்தால், மிச்சக் குடலை வயித்தில ஒரு துளை போட்டு வெளியால எடுத்து விடுவினம். அதுக்கு மேல ஒரு பை ஒட்ட வேணும். கழிவெல்லாம் அதுக்குள்ள வரும். எனக்கு அந்தப் பை கொஞ்ச மாசத்துக்குத்தான். உள்காயம் ஆறி, உடம்பும் தேறினால், இன்னொரு ஒப்பரேசன் செய்து குடலை உள்ளுக்க வைச்சுத் துளையை மூடிவிடலாம். பக்கத்துக் கட்டில்காரிக்கும் என்ர வருத்தம்தான், அதே கிழமைதான் ஒப்பரேசன். ஆனால் அவவுக்குத் திருப்பி வைக்கிறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை. பை ஆயுளுக்கும்.

இதை முதலே சொல்லிவைக்கிறன், பிறகு உங்களுக்கு ஆர் ஆரைப் பார்த்துப் பொறாமைப்பட்டது எண்டு குழப்பம் வரக்கூடாது. கொஞ்ச மாசக்காரி நான்தான் அந்த ஆயுள்காரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டனான்.

மயக்கம் தெளிஞ்ச அடுத்த நாள் காலமை கண்ணைத் திறக்கிறன், பக்கத்துக் கட்டிலில ஒருத்தி லிப்ஸ்டிக் பூசிக்கொண்டிருக்கிறா. மூக்கில குழாய், கையில ட்ரிப், வயித்துப் பக்கத்தால இன்னொரு குழாய், அதோட லிப்ஸ்டிக். சின்னக் கண்ணாடி ஒண்டை அட்டெண்டன் பிள்ளை பிடிச்சுக்கொண்டு நிக்குது. "நங்கி, இன்னும் கொஞ்சம் மேல" எண்டு சிங்களத்தில அந்தத் தங்கச்சியை ஏவிறா இவ. எனக்கு அந்த நேரம் உமிழ்நீர் விழுங்கவே வயிறு இழுத்துப் பிடிச்சது. இப்பிடியும் ஒரு சென்மமோ எண்டு நினைச்சுக்கொண்டு மற்றப் பக்கம் தலையைத் திருப்பினன்.

நாற்பதைத் தாண்டின ஆள். நல்ல உடம்பு, நல்ல குரல். கலியாணப் பொம்பிளையளுக்கு மேக்கப் போட்டு, சாரி உடுத்தி, தலை கட்டிவிடுறதுதான் தொழில். கொட்டாஞ்சேனையிலயும் கொச்சிக்கடையிலயும் அவவின்ர கை படாமல் கோயில் படி ஏறின பொம்பிளை குறைவு எண்டு அவவே சொல்லுவா. தான் கலியாணம் கட்டேல்ல. ஏனெண்டு ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை, கேக்காமலே சொல்லுவா. அந்தப் பைக்கு 'மாப்பிள்ளை' எண்டு பேர் வைச்சிருந்தா. பை நிரம்பினால் "மிஸ்ஸி, மாப்பிள்ளைக்கு வயிறு முட்டிருச்சு" எண்டு வாட்டு முழுக்கக் கேக்கத் தாதியைக் கூப்பிடுவா. தனக்கு வந்த ஒரே மாப்பிள்ளை, இடுப்ப விட்டு இறங்காத மாப்பிள்ளை எண்டு தாதிமாருக்குச் சொல்லிச் சிரிப்பா. அவையளும் சிரிப்பினம். என்ர பையை மாத்த வாற நேரம் அதே தாதிமார் சிரிக்கமாட்டினம். நான் திரையை இழுத்து மூடிப்போட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு கிடப்பன்.

பின்னேரம் ஆக்கள் பார்க்க வாற நேரம் வந்தால் அவவின்ர கட்டிலைச் சுத்தித் திருவிழாதான். சலூன் பிள்ளையள், கோயில் பாட்டுக் குழு, பக்கத்து வீட்டுச் சனம், அவ அலங்கரிச்சு விட்ட பழைய பொம்பிளையள் கைக்குழந்தையோட, ஒரு த்ரீவீல்காரன் கூட வந்து காலடியில நிப்பான். வாற ஆக்கள் எல்லாருக்கும் சட்டையை விலத்திக் காட்டுவா. குடல் நுனி வெளியால சிவப்பாய்த் துருத்திக்கொண்டு இருக்குமே, அதைக் காட்டி, "பாருங்கடி, நல்ல மெரூன் கலர் போட்ட வாய் மாதிரி இல்ல?" எண்டு கேப்பா. முதலில முகத்தைச் சுழிச்ச சனம் பிறகு குனிஞ்சு குனிஞ்சு பார்க்கும். ஆராவது, இதையெல்லாம் இப்பிடிக் காட்டலாமோ எண்டு கேட்டால் அவவிட்ட ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"மறைச்சு என்னத்தக் கண்டோம்?"

நாளுக்கு எத்தனை தரம் அந்தச் சொல்லைக் கேட்டிருப்பன். எனக்கெண்டே சொல்லுறா எண்டு நினைச்சுப் பல்லை நெருமுவன். ஏனெண்டால் நான் மறைச்சுக்கொண்டிருந்தன்.

எங்கட வீட்டில நடந்தது இதுதான். என்ர தங்கச்சிக்கு லண்டனில இருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தவை. குடும்பத்தில குடல் வருத்தம், வயித்தில பை எண்டு வெளியால தெரிஞ்சால் அது அந்தளவோட நிண்டிடும் எண்டு அம்மா அழுதா. அழுததிலயும் பிழை சொல்லேலாது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில ஒரு கதை ஒரு வீட்டில இருந்து மற்ற வீட்டுக்கு லிஃப்டைவிட வேகமாய்ப் போகும். ஆனபடியால் எனக்கு அப்பெண்டிக்ஸ், அது உள்ளுக்க வெடிச்சுப் போச்சு, அதாலதான் பெரிய ஒப்பரேசன் எண்டு கதை கட்டினம். உண்மை தெரிஞ்சது அம்மாவுக்கும் என்ர மனுசனுக்கும்தான். தங்கச்சிக்கே பிறகுதான் சொன்னது. என்ர மாமி, அவரின்ர தாய், காலி ரோட்டுக்கு அங்கால மகள் வீட்டில இருந்தவ. அவவுக்கும் அப்பெண்டிக்ஸ் கதைதான். கிருமி தொத்தும், ஒருத்தரையும் பார்க்க விடமாட்டினம் எண்டு அவவையும் மறிச்சாச்சு.

அதால என்ர கட்டிலடியில ரெண்டு பேர். அம்மா செபமாலை உருட்டுற மாதிரி கைலேஞ்சியை உருட்டுவா. மனுசன் நிலத்தைப் பார்ப்பார். பக்கத்தில கிரீம் கிராக்கர் பெட்டியும் மோல்ட் டின்னும் குவிஞ்சு, சனம் சிரிச்சுக்கொண்டு நிக்கும். அவ அந்தச் சாமானில பாதியை அட்டெண்டன்மாருக்குக் குடுத்து, மிச்சத்தில எங்கட பக்கமும் நீட்டுவா. அம்மா வாங்குவா. நான் தொடமாட்டன்.

அவவும் ஒருக்கால் உடைஞ்சு போனவதான். ஒரு பின்னேரம், பாட்டுக் குழு வந்து நிக்கேக்க, பை ஒரு பக்கத்தால கழண்டு, கழிவெல்லாம் கட்டில் விரிப்பில ஊத்துண்டிட்டுது. மணமும் அடிச்சது. நான் திரைக்கு இங்கால இருந்து காதைக் குடுத்துக்கொண்டிருந்தன். இப்ப பார்ப்பம் உம்மட சிரிப்பை எண்டுதான் இருந்தது எனக்கு. அவ சிரிக்கேல்ல. ஓவெண்டு அழுதா. "நான் என்ன பாவம் செஞ்சேன் அந்தோனியாரே" எண்டு தலையில அடிச்சு அழுதா. ஆனால் அவ்வளவு சனத்துக்கு நடுவில அழுதா. ஒருத்தி தலையைப் பிடிச்சா, ஒருத்தி காலைத் தடவினா, இன்னொருத்தி சீலைத் தலைப்பை மடிச்சுக் கட்டிப்போட்டு மிஸ்ஸியோட சேர்ந்து துடைச்சா. கொஞ்ச நேரத்தால பிஸ்கட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. நான் அழுகிறதெண்டால் குளியலறைக்குப் போய்ப் பைப்பைத் திறந்து விட்டு, துவாயை வாய்க்குள்ள அடைஞ்சு அழுகிறனான். வெளியில வந்தால் தலையிடிதான் மிச்சம். அழுகையில கூடவா ஒருத்திக்கு இவ்வளவு லாபம் வரும் எண்டு எரிஞ்சது எனக்கு.

ஒப்பரேசனுக்குப் பிறகு கெதியா எழும்பி நடக்க வேணும் எண்டு எல்லாரும் ஆய்க்கினைப்படுத்துவினம். நடந்தால்தான் குடல் வேலை செய்யத் தொடங்கும். எனக்குப் பயம், தையல் பிரிஞ்சு போகும் எண்டு. அவ என்ன செய்தா, ட்ரிப் கம்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு, "எல்லாரும் பாருங்க, பொம்பள வாறா" எண்டு சொல்லி, பீடத்துக்குப் போற கலியாணப் பொம்பிளை மாதிரி நிலத்தைப் பார்த்துப் பார்த்து யன்னல் மட்டும் நடந்தா. அங்க போய் நிண்டு, கை தட்டச் சொல்லி வாட்டையே கேட்டா. தட்டினதுகள். சேர்ஜன் அந்த நேரம் பார்த்து உள்ளுக்க வந்தவர், அவரும் தட்டினார். என்னைப் பார்க்கேக்க "குட், குட்" எண்டு மட்டும் சொல்லுற மனுசன்.

அடுத்த நாள் நான் எழும்பினன். ஒருத்தரையும் கூப்பிடேல்ல. யன்னலையும் தாண்டி, விறாந்தைக் கதவு மட்டும் போய் அதைத் தொட்டுட்டுத்தான் திரும்பினன். மிஸ்ஸி மூக்கில விரலை வைச்சா. அது மருந்தாலயோ தைரியத்தாலயோ நடந்த நடையில்லை, தனி எரிச்சலால நடந்தது. திரும்பி வந்து கட்டிலில விழேக்க கண் இருண்டது, ஆனால் அவ பார்த்தவ எண்டதில எனக்கு ஒரு ஆறுதல்.

வீட்டுக்கு வந்தால் ஆள் கண்ணில படாது, நிம்மதி எண்டு நினைச்சன். எங்க நிம்மதி? என்ர மனுசன் அவவின்ர ஃபோன் நம்பரை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்குப் பை அடிக்கடி கழண்டது. தோல் ஈரமாய் இருந்தால் ஒட்டாது. ஒருநாள் இவர் வேலையால வரேக்க ஒரு ஹெயார் ட்ரையரோட வாறார். சூடில்லாத காத்தைத் தூரப் பிடிச்சுத் தோலைக் காயவைச்சுப்போட்டு ஒட்டச் சொல்லி அந்த அக்கா சொன்னவவாம். சொல்லேக்க முகத்தில சிரிப்பு வேற. அவ ஃபோனில என்னவோ பகிடி விட்டிருக்கிறா. என்னோட கதைக்கேக்க அந்த மனுசன் சிரிச்சு எவ்வளவு காலம்! நான் அதைப் பெட்டியோட அலுமாரிக்கு மேல எறிஞ்சு விட்டன். பிறகு ஒரு நாள் ஆற்றாமல் எடுத்துப் பிடிச்சுப் பார்த்தன். நல்லாத்தான் ஒட்டினது. அதுவும் எரிச்சல்.

நான் சாப்பிடுறதைக் குறைச்சிட்டன். சாப்பிட்டால்தானே பை நிரம்பும். நிரம்பினால்தானே சத்தம் போடும், மணக்கும். வெறும் வயித்தோட இருந்தால் நான் பழைய ஆள் மாதிரி. லிஃப்டில ஆராவது ஏறினால் இறங்கிப் படியால போவன். ஹோலில செற்றியில தனியப் படுத்தன். அறைக்குள்ள வாரும் எண்டு இவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப் போனார். ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில வேலை எனக்கு. லீவை நீட்டிக்கொண்டே போனன். கடல் பக்கத்து யன்னலால ரயில் போற சத்தம் கேட்டால் அந்த நேரம் மட்டும் என்ர வயித்துச் சத்தம் ஒருத்தருக்கும் கேக்காது எண்டு ஒரு ஆறுதல். இப்பிடித்தான் நாள் போனது.

கிளினிக்குக்குப் போனால் அங்கயும் அவதான். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே நாள் போட்டிருந்தவை. நிறை பார்ப்பினம். அவவுக்கு முள்ளு மேல, எனக்குக் கீழ. அடுத்த முறை அவவுக்கு இன்னும் மேல, எனக்கு இன்னும் கீழ. சேர்ஜன் என்ர துளையைச் சுத்தி அமர்த்திப் பார்த்துப்போட்டு, தன்ர பக்கத்து வேலை வடிவாய் ஆறிட்டுது எண்டார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, சம்பந்தமில்லாத மாதிரி ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பை இருக்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்? நான் விரலை மடிச்சன், அம்மா, மனுசன், தங்கச்சி. சேர்ஜன் ஒண்டும் எழுதேல்ல. இந்த உடம்போட ரெண்டாவது ஒப்பரேசன் செய்யமாட்டன், சாப்பிட்டுப் போட்டு வாரும் எண்டார். மனசுக்குள்ள இவ்வளவு பாரத்தை வைச்சுக்கொண்டு இருக்கிற ஆளுக்குச் சாப்பாடு எப்பிடி இறங்கும், ஆரோடயாவது கதையும், இல்லாட்டி கவுன்சலிங் மிஸ்ஸிட்ட அனுப்பிறன் எண்டும் சொன்னார். இங்கிலிஷில மெல்லமாய்த்தான் சொன்னார். எனக்கு முகத்தில அடிச்ச மாதிரி இருந்தது. பை கழட்டிற நாளை எண்ணிக்கொண்டுதான் நான் உயிரோட இருந்தனான். அந்த நாளையே இப்ப என்ர கையில தந்து, நீயே நடத்து எண்டால்?

வெளியால வாங்கில இவ இருக்கிறா. தன்னட்டயும் அதே கேள்வியைக் கேட்டவராம். "யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க டொக்டர், லேசா சொல்லிருவேன்" எண்டாவாம். சொல்லிப்போட்டு அந்த வாங்கில இருந்த எல்லாருக்கும் ஒரு புதுக்கதை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போட்டு வரேக்க அவிச்ச சோளம் சாப்பிட ஆசை வந்திட்டுதாம். எங்களுக்குச் சோளம் கூடாது, தும்பும் தோலும் உள்ள சாமான் எல்லாம் குடலின்ர வாயை அடைச்சுப்போடும். சோளக்காரன் தரமாட்டன் எண்டிட்டானாம். உங்களுக்கு டொக்டர் வேணாம்னு சொன்னது எனக்குத் தெரியும் அக்கா, குடுத்த சல்லியைத் திருப்பிக் கொண்டு போங்க எண்டானாம். இதை அவ முறைப்பாடு மாதிரிச் சொன்னா, ஆனால் முகம் முழுக்கப் பூரிப்பு. நான் யோசிச்சுப் பார்த்தன். வெள்ளவத்தையில எனக்கு ஆர் ஒரு சோளத்தைத் தராமல் விடப் போறான்? அவவின்ர வயித்தை ஒரு ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என்ர வயித்துக்கு நான் மட்டும் காவல். கண்ணைக் கட்டின பொறாமை எனக்கு. அண்டைக்கு அவவோட கதைக்காமலே பஸ் ஏறிட்டன்.

அதுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மாமி வந்தா. த்ரீவீலில, மடியில ஒரு பெரிய சட்டியை வைச்சுக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு. பனங்கிழங்கு மாவில காய்ச்சிற ஒடியல் கூழ். நண்டு, றால், மீன்தலை, பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, ஒண்டும் விடேல்ல. வெடிச்ச அப்பெண்டிக்ஸுக்குப் பிறகு உடம்பு தேறாமல் கிடக்கிற மருமகளுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து ஒடியல்மா எடுப்பிச்சு, வெள்ளண எழும்பிக் காய்ச்சினவவாம். இவர் முடிவெட்டப் போயிருந்தார். நிண்டிருந்தால் எதையாவது சொல்லித் தட்டியிருப்பார். நான் என்ன சொல்லுறது? அப்பெண்டிக்ஸ் எடுத்த ஆள் கூழ் குடிக்கக்கூடாது எண்டு எந்த ஊரில இருக்கு? அதோட, உண்மையைச் சொல்ல வேணும், எனக்குப் பசி. எத்தனை மாசத்துப் பசி. நண்டு வாசம் மூக்கில ஏற, பலாக்கொட்டையும் பயத்தங்காயும் தெரிஞ்சு தெரிஞ்சு எடுத்து, ஒரு கோப்பை, பிறகு இன்னொரு கோப்பை. மாமி பக்கத்தில இருந்து பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டா.

அடுத்த நாள் பை வெறுமையாய்க் கிடந்தது. ஒரு துளியும் வரேல்ல. பின்னேரம் வயிறு கல்லாய் இறுகி, குடிச்ச தண்ணியும் சத்தியாய் வரத் தொடங்கிட்டுது. இவர் பதறி அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். திரும்பவும் மூக்கில குழாய், கையில ட்ரிப். அடைப்பு தானாய் விலகாட்டி வயித்தைத் திருப்பியும் வெட்ட வேணும் எண்டு சொல்லிப்போட்டினம். வெட்டினால் என்ர மற்ற ஒப்பரேசன் எப்ப, நடக்குமோ நடக்காதோ, அதுவும் தெரியாது. ரெண்டு நாளாய் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தன். மூண்டாம் நாள் அடைப்பு விலகினது. தண்ணிச் சாப்பாடு குடிக்கலாம் எண்டினம்.

அண்டைக்குப் பின்னேரம் மாமி வந்தா. இவரால மறிக்க ஏலேல்ல. வயித்துக் குத்து எண்டு மட்டும்தான் அவவுக்குத் தெரியும். கோழி அவிச்ச சூப்பை வடிச்சு ஃபிளாஸ்கில கொண்டு வந்திருந்தா. இருந்து ஐஞ்சு நிமிசம் இருக்காது, வாசலில சென்ட் மணம். அவ! இவர்தான் ஃபோனில சொல்லியிருக்கிறார். இப்ப வாயைத் திறப்பா, எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன்.

அவ வாயைத் திறந்தாதான். ஆனால் என்னைப் பற்றி இல்லை. முந்தி பக்கத்துக் கட்டிலில இருந்தவ எண்டு மாமிக்குத் தன்னை அறிமுகப்படுத்தினா. உமக்கு என்ன வருத்தம் பிள்ளை எண்டு மாமி கேட்டா, சும்மா மரியாதைக்கு. அவ்வளவுதான், தொடங்கிட்டா. குடல் போனது, துளை போட்டது, மாப்பிள்ளை வந்தது, ஊத்துண்டது, சோளக்காரன். என்ர பக்கம் ஒருக்கால் பார்த்தா, அதுக்குப் பிறகு பார்க்கேல்ல. என்ர அப்பெண்டிக்ஸ் கதையை அவ காப்பாத்திக்கொண்டிருக்கிறா எண்டு எனக்கு நல்லாய் விளங்கினது.

மாமிக்குக் கண் கலங்கிட்டுது. "ஆயுளுக்குமோ? ஐயோ, என்ர பிள்ளை" எண்டு அவவின்ர கையைப் பிடிச்சா. தலையைத் தடவினா. பத்து வருசமாய் நான் அந்த வீட்டு மருமகள், ஒருக்கால் என்ர தலையில அந்தக் கை பட்டதில்லை. தடவினதோட விட்டாவோ? இல்லை. எனக்கெண்டு கொண்டு வந்த ஃபிளாஸ்கைத் திறந்து, எனக்கெண்டு வடிச்ச சூப்பைக் கோப்பையில ஊத்தி, குடியும் பிள்ளை எண்டு அவவிட்ட நீட்டினா. அவவும் வாங்கிக் குடிக்கத் தொடங்கினா. ஊதி ஊதிக் குடிச்சா.

அதைத்தான் எனக்குப் பொறுக்க முடியேல்ல. என்ர அம்மாவின்ர கண்ணீர், தங்கச்சியின்ர சம்பந்தம், தொடர்மாடிச் சனம், ஒண்டும் அந்த நேரம் ஞாபகத்தில இல்லை. அந்தக் கோப்பைதான் தெரிஞ்சது.

"மாமி, எனக்கும் அதுதான். அப்பெண்டிக்ஸ் இல்லை. எனக்கும் பை இருக்கு."

சொல்லிப்போட்டுப் போர்வையை விலத்திக் காட்டினன். இவர் யன்னல் பக்கம் திரும்பிட்டார். மாமி பையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திரும்பப் பையைப் பார்த்தா. முதல் கேட்டது, அப்ப நான் தந்த கூழ்தான் இதைச் செய்ததோ எண்டு. நான் தலையாட்டினன். "என்ர கையால தந்தெல்லோ உன்னை நான் கொல்லப் பார்த்தனான்" எண்டு சொல்லி மாமி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டா. பிறகு கோபம் வந்தது பாருங்கோ, அப்பிடியொரு கோபம். நான் என்ன பிறத்தியாளோ, மகனும் சேர்ந்தெல்லோ என்னை ஏமாத்தினவன், தெரிஞ்சிருந்தால் பச்சைத்தண்ணியும் கேட்டுத்தானே தந்திருப்பன் எண்டு ரெண்டு பேரையும் வாங்கு வாங்கெண்டு வாங்கினா. என்ர தலையைத் தடவேல்ல. ஆனால் பேச்சுக்கு நடுவில கையை நீட்டி, அவ பாதி குடிச்ச கோப்பையை அவவின்ர கையில இருந்து வாங்கி, என்னட்டத் தந்தா. நான் மிச்சம் முழுக்கவும் குடிச்சன். மாசக்கணக்குக்குப் பிறகு எனக்கு ருசிச்ச முதல் சாமான் அது.

அந்தக் கிழமைக்குள்ள மாமி எங்கட லேன் முழுக்கச் சொல்லி முடிச்சிட்டா. லண்டன் சம்பந்தம் விலகிப் போட்டுது. அதுக்கு இதுதான் காரணமோ எண்டு அவையள் சொல்லேல்ல, நாங்களும் கேக்கேல்ல. தங்கச்சி என்னோட கனநாள் முகம் குடுத்துக் கதைக்கேல்ல. பிறகு வேற இடத்தில நல்லாய்ச் சரிவந்தது, ஆனாலும் அந்த நாளுகளை நான் மறக்கேல்ல. லிஃப்டில சனம் என்ர இடுப்பைப் பார்த்துப் பார்த்துச் சுகம் விசாரிக்கும். கூசும். ஆனால் விசாரிச்ச சனம்தான் தேங்காய்ப்பூ இல்லாத பலகாரமும் முள்ளெடுத்த மீனும் கதவில கொண்டு வந்து தந்தது. மாமி ஒவ்வொரு நாளும் குழைச்ச சோறும் அவிச்ச கரட்டும் அனுப்பினா, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஃபோனை வைக்கமாட்டா. பை நிரம்பினது. சத்தம் போட்டது. மாமிக்கும் கேக்கும், எனக்கும் கேக்கும், ஒருத்தரும் சாகேல்ல. நான் செற்றியை விட்டு அறைக்குள்ள போய்ப் படுத்தன். முள்ளு மேல ஏறத் தொடங்கினது.

ஒரு நாள் கிளினிக்கில சேர்ஜன் நிறையைப் பார்த்துப்போட்டுச் சிரிச்சார். ஒப்பரேசனுக்கு நாள் தந்தார்.

வெளியால வந்தன். அவ வாங்கில இருக்கிறா. அவவிட்டச் சொல்ல வேணும் எண்டு எனக்கு அவ்வளவு ஆசை. நல்ல மனசால வந்த ஆசை எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. போய்ப் பக்கத்தில இருந்து, டேட் தந்திட்டார் அக்கா, பையைக் கழட்டப் போறினம் எண்டு மெல்லமாய்ச் சொன்னன். அவ எழும்பி நிண்டு வரிசை முழுக்கவும் அறிவிச்சா, தமிழில ஒருக்கால், சிங்களத்தில ஒருக்கால். தெரியாத சனமெல்லாம் எனக்குக் கை தந்தது. பிறகு இருந்தா. அவ கதைக்காமல் இருந்ததை நான் அதுக்கு முன்னம் கண்டதே இல்லை. கைப்பையின்ர வாரை விரலில சுத்திச் சுத்தி அவிழ்த்துக்கொண்டிருந்தா.

"தங்கச்சி, உங்கள பார்க்க எனக்கு பொறாமையா இருக்கு" எண்டா. "ரொம்ப பொறாமையா இருக்கு. நீங்க கழட்டிப் போட்டுட்டு போயிருவீங்க. நான் இதோடதான் சாகணும்."

இதையும் சத்தமாய்த்தான் சொன்னா. முன்னால இருந்தவை திரும்பிப் பார்த்தினம். கன்னத்தால கண்ணீர் ஓடினது, அதையும் மறைக்கேல்ல. பக்கத்தில இருந்த ஆரோ ஒரு சிங்கள மனுசி அவவின்ர முதுகைத் தடவிக் குடுத்தா. கொஞ்ச நேரத்தில அவ மூக்கைச் சீறி, முகத்தைத் துடைச்சு, என்ர நெத்தியில ஒரு சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, காலமை சாப்பிட்டீங்களா எண்டு கேட்டா. கன்டீனுக்குக் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனா.

நான் எத்தனை மாசமாய் அவவில பட்ட பொறாமை. அதைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. "அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா" எண்டு மட்டும்தான் என்ர வாயில வந்தது. கன்டீனில அவ பாணும் பருப்பும் எடுத்து, கடைக்காரனோட பகிடி விட்டு, எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொல்லி, ஆறுதலாய் இருந்து சாப்பிட்டா. கொஞ்சம் முந்திச் சொன்னதின்ர சுவடு அவவின்ர முகத்தில ஒரு துளி இல்லை. எனக்குப் பை போய், துளை மூடி, தழும்பும் மங்கிப்போச்சு. ஆனால் பொறாமைப்படக்கூட எனக்கு அவவை மாதிரி வரேல்ல.